அருக்குளிப்பு ரீச்சர்

அந்த யோசனை எனக்கு வந்தபோது என் வாய் முழுக்கப் பற்பசை நுரை. கொக்குவிலில் எங்கள் வீட்டுக் கிணற்றடியில் நின்று பல் விளக்கிக்கொண்டிருந்தேன். சின்னப் பிள்ளைகளுக்குச் சுத்தம் பழக்குவதற்குப் பாட்டுத்தான் வழி என்று சட்டென்று தோன்றியது. தோன்றிய கையோடு முதல் வரியும் வந்துவிட்டது. மறந்துபோய்விடுமே என்ற பதற்றத்தில் பிரஷ்ஷைக் கடித்தபடி உள்ளே ஓடி, பேனை தேடிப் பிடித்து, மேசையில் கிடந்த ஏதோ ஒரு கடதாசியில் எழுதத் தொடங்கினேன். நுரை கடதாசியில் வழிந்து முதல் வரியை அழித்தது.

"என்னடி உது! முதல்லை வாயைக் கொப்பளிச்சுப்போட்டு எழுதன்!" என்றார் அம்மா.

"சுகாதாரத்தைப் பற்றித்தான் அம்மா எழுதுறன்" என்று சொல்ல முயன்றதில் மிச்ச நுரை அம்மாவின் சட்டையில் தெறித்தது.

பல்கலைக்கழகம் முடித்துவிட்டு நியமனம் இப்போ வரும், அப்போ வரும் என்று காத்திருந்த காலம் அது. சும்மா இருக்க எனக்கு வராது. முன்பள்ளிப் பிள்ளைகளுக்குக் கை கழுவ, பல் விளக்க, மூக்குச் சிந்த, கழிப்பறைக்குப் போகப் பழக்குகிற ஒரு சின்னத் தொண்டு வேலையில் சேர்ந்தேன். எனக்குக் கிடைத்தது குருநகரில், கடற்கரைக்குக் கிட்ட இருந்த ஒரு முன்பள்ளி. பாட்டோடு மட்டும் போனால் போதாது என்று பழைய காலுறை ஒன்றில் ஒரு பொம்மையும் தைத்துக்கொண்டேன். சோப்பின் பெயரால் அதற்குச் சவர்க்காரச் சிங்கன் என்று பெயர். முதல் நாளே முன்வரிசைப் பிள்ளை ஒன்று சிங்கனை முகர்ந்து பார்த்துவிட்டு, "மிஸ், உவர் மணக்கிறார்" என்றது. எங்கள் ஊரில் மணக்கிறது என்றால் நல்ல மணத்தைச் சொல்வதில்லை. சுத்தம் கற்பிக்க வந்த சிங்கனைத் தைப்பதற்கு முன் நான் தோய்க்கவில்லை.

அந்த முன்பள்ளியில்தான் நான் சொல்ல வந்த ஆசிரியை, எங்கள் வாயில் ரீச்சர், இருந்தார். அவரை முதலில் பார்த்த காட்சி இன்னும் கண்ணில் நிற்கிறது. மூக்கு ஒழுக ஒழுக ஒரு பொடிப்பயல் அவரைக் கட்டிப்பிடிக்க ஓடினான். ரீச்சர் பொலிஸைக் கண்டவர்போல இரண்டு கைகளையும் மேலே தூக்கி, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு, "மாதாவே! என்னட்டைக் காட்டாதை ராசா, கண்ணாடியிட்டைக் காட்டு! கண்ணாடியிட்டை!" என்று கத்தினார்.

முற்றத்துப் பூவரசு மரத்தில், பிள்ளைகளின் முகத்துக்குச் சரியாக, ஒரு கண்ணாடி தொங்கியது. பையன் எந்த வருத்தமும் இல்லாமல் அங்கே போனான். தன் மூக்கைத் தானே நிதானமாகப் பார்த்தான். பக்கத்தில் கொழுவியிருந்த துணித்துண்டில் சிந்தினான். மறுபடி பார்த்தான். "ரீச்சர், திரும்பலாம்!" என்றான். ரீச்சர் திரும்பினார். பிறகுதான் கட்டிப்பிடிப்பு நடந்தது.

எனக்கு அதிர்ச்சி. பிள்ளைகளிடம் அருவருப்பைக் காட்டவே கூடாது என்று பயிற்சியில் எங்களுக்குப் படிப்பித்திருந்தார்கள். இங்கே ரீச்சர் அதைக் கையைத் தூக்கி ஊருக்கே காட்டிக்கொண்டு நின்றார்.

அருக்குளிப்பு என்பது எங்கள் பக்கத்துச் சொல். கண்டதும் மேல் கூசி, வயிற்றைப் பிரட்டுமே, அதுதான். ரீச்சருக்கு அது மற்றவர்களுக்கு இருப்பதைவிடப் பன்மடங்கு. ஆனால் எல்லாவற்றுக்கும் இல்லை. மீன் சந்தையில் வளர்ந்த பெண். திருக்கை மீனின் குடலை வெறுங்கையால் இழுத்தெடுத்து எறிந்துவிட்டு அதே இடத்தில் நின்று கதை பேசுவார். காகத்துக்கும் பூனைக்கும் அவரைப் பார்த்தாலே கொண்டாட்டம். மனிதருடையது என்று வந்தால் மட்டும் ஒரு துளி மூக்குச்சளி போதும், கண் கலங்கி, தொண்டை ஏறி இறங்கத் தொடங்கிவிடும்.

அதற்கு அவர் வைத்திருந்த ஒரே மருந்து தேசி இலை, அதாவது எலுமிச்சை இலை. முன்பள்ளி மதிலோரம் ஒரு தேசிக்காய் மரம் நின்றது. அதன் இலையைக் கசக்கி, லேஞ்சி என்று நாங்கள் சொல்கிற கைக்குட்டைக்குள் வைத்து மூக்கில் பொத்திக்கொள்வார். இடுப்பில் லேஞ்சி இல்லாத ரீச்சரை நான் கண்டதில்லை. பிள்ளைகளும் கண்டதில்லை. அதனால் அவர்கள் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். மூக்குச் சிந்தப் போகிற பிள்ளை முதலில் மரத்தடிக்குப் போய் ஓர் இலை பிடுங்கி ரீச்சரின் மேசையில் வைக்கும். "ரீச்சர், நான் சிந்தப் போறன். இந்தாங்கோ" என்று சொல்லிவிட்டுத்தான் கண்ணாடிக்குப் போகும். சளியும் தடிமனும் பரவுகிற மாதத்தில் அந்த மேசையைப் பார்த்தால் சமையலுக்கு ஆயத்தம் செய்கிறார்கள் என்று நினைப்பீர்கள்.

"ரீச்சர், உது சரியில்லையெல்லோ" என்று நான் ஒருநாள் கேட்டேன். எனக்கு வயது அவரில் பாதி, படிப்பு முடிந்த சூடு. "பிள்ளையளுக்குத் தங்கடை உடம்பிலை வெக்கம் வந்திடும்."

"பிள்ளை, நான் என்ன செய்ய? அடக்கிப் பாத்தனான். அடக்கினால் நேரை சத்திதான், வயித்திலை கிடக்கிறதெல்லாம் வெளியிலை."

"ஆனால் அதுகள் பாக்குதுகள்..."

"பாக்கட்டுமன். எனக்கு ஏலாதெண்டு அதுகளுக்குத் தெரியும். மறைச்சால்தான் தங்களிலை பிழையெண்டு நினைக்குங்கள்."

அதற்கு நான் ஒரு நீண்ட பதில் வைத்திருந்தேன். சொல்லியும் முடித்தேன். ரீச்சர் கேட்டுக்கொண்டே பிள்ளைகளின் தண்ணீர்ப் போத்தல்களை அடுக்கி முடித்துவிட்டார்.

அவர் கோபப்பட்டு நான் பார்த்தது ஒரேயொரு முறை. ஒரு பிள்ளை காற்சட்டையோடேயே வெளிக்கு இருந்துவிட்டான். பக்கத்துப் பையன் மூக்கைப் பொத்திக்கொண்டு "சீ! ஊத்தை!" என்றான். ரீச்சர் அப்போது ஏற்கெனவே லேஞ்சியை முகத்தில் அழுத்தி, கண்ணில் நீர் வடிய, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்த நிலையிலும் லேஞ்சிக்குள்ளிருந்து ஓர் உறுமல் வந்தது.

"ஆரடா சீ எண்டது? எனக்குச் சத்தி வாறது என்ரை வயித்தின்ரை பிழை. அவனிலை ஒரு பிழையும் இல்லை. விளங்கிச்சோ? உனக்கும் சத்தி வருதெண்டால் நீயும் வந்து இஞ்சை என்னோடை நில்."

அந்தப் பையனுக்குச் சத்தி வரவில்லை. ஆனாலும் மரியாதைக்காக வந்து ரீச்சரின் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றான். கழுவிவிட்டது நான். சிங்கனும் கூட வந்தார். அன்றோடு அவரைத் தோய்க்க வேண்டியதாயிற்று.

இனி என் பாட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டால் குருநகரில் யாராவது சொல்லிவிடுவார்கள்.

பாட்டுக்கு நிறையப் பந்திகள். பாடி முடிக்கும்வரை கையைத் தேய்த்துக் கழுவ வேண்டும் என்பது என் திட்டம். அங்கே தண்ணீர் பவுசர் லொறியில் வந்து தாங்கியில் நிரம்புவது. பாட்டுப் பாதி தாண்ட முதலே தாங்கி வற்றிவிட்டது. கை முழுக்கச் சவர்க்கார நுரையோடு பிள்ளைகள் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிறகு பந்திகளைக் குறைத்தேன். குறைத்ததில் மிஞ்சிய வரிதான் வினையானது: "கை கழுவுவோம், கால் கழுவுவோம், களிப்புடனே கூடி நாங்கள் கால் கழுவுவோம்."

எங்கள் பக்கத்தில் கால் கழுவுவதென்றால், கழிப்பறையில் இருந்து எழுந்ததும் கழுவுவதைத்தான் நாகரிகமாக அப்படிச் சொல்வது. இது எனக்குத் தெரியாததல்ல. வாழ்நாள் முழுக்க நானும் அப்படித்தான் சொல்லி வந்திருக்கிறேன். ஆனால் மோனை கண்ணை மறைத்துவிட்டது. நான் காலைத்தான் நினைத்தேன். பிள்ளைகள் சரியாக விளங்கிக்கொண்டார்கள்.

பெற்றோர் கூட்டத்தில் அரங்கேற்றம். முன்வரிசையில் பங்குச் சுவாமி, அந்த ஊர்த் தேவாலயத்துப் பாதிரியார். பிள்ளைகள் அழகாகக் கை கழுவினார்கள். அடுத்த வரி வந்தது. அத்தனை பேரும் ஒன்றாகக் குந்தினார்கள். இடது கையைப் பின்னால் கொண்டுபோய், தாளம் தப்பாமல், களிப்புடனே கூடிக் கால் கழுவினார்கள். நான் சொல்லிக் கொடுக்காத அபிநயம்.

சனம் சிரித்த சிரிப்பில் கூரைத் தகடு அதிர்ந்தது. ரீச்சர், சிரிப்பும் ஓங்காளமும் ஒன்றாய் வர, லேஞ்சியோடு வெளியே ஓடினார். சுவாமி கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

"நல்ல பாட்டு, பிள்ளை. பெரிய வியாழனுக்கு மட்டும் இதை எங்கடை கோயிலிலை படிப்பிச்சுப் போடாதேங்கோ."

பெரிய வியாழனன்று சுவாமி பாதம் கழுவுகிற சடங்கு ஒன்று உண்டென்பது சைவக்காரியான எனக்குப் பிறகுதான் விளங்கியது. பாதம் என்று எழுதியிருக்கலாம். பாதத்துக்கு மோனை வரவில்லை.

அன்றைக்குக் குந்தாமல் நின்ற பிள்ளை ஒன்றுதான். ஜெனிற்றா. காலோடு கால் ஒட்டி வைத்துக்கொண்டு, உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். முன்பள்ளிக் கழிப்பறைக்குள் அவள் போனதே இல்லை. அடக்கிக்கொண்டிருப்பாள். முகம் சிவக்கும், வியர்க்கும், கேட்டால் தலையாட்டுவாள். கடைசியில் தாய்க்குப் போன் போகும். தாய் வேலை செய்தது கிட்டடியில் இருந்த நண்டுக் கம்பனியில். அவித்த நண்டில் சதை எடுக்கிற வேலை. போட்டிருந்த தொப்பியோடு ஓடிவந்து பிள்ளையை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போவார்.

ஒருநாள் அப்படி வந்த தாய் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மிஸ், உங்களைக் கும்பிட்டன், எப்பிடியாவது உவளை இஞ்சை போகப் பழக்கிவிடுங்கோ. இன்னொருக்கால் இடையிலை ஓடினால் பிறகு வரவே வேண்டாமெண்டு சொல்லிப்போட்டினம். இனிப் பின்னேரம் வரைக்கும் வேலை. உள்ளை போகேக்கை போனையும் வாங்கி வைச்சிடுவினம். இந்த வேலையும் போனால் நான் உவளையும் கொண்டு எங்கை போறது?"

"நான் இருக்கிறன் அக்கா. நீங்கள் ஒண்டுக்கும் யோசியாதேங்கோ" என்றேன். யோசித்திருக்க வேண்டியவர் அவர்தான்.

கழிப்பறைக் கதவில் நீல மீன்கள் வரைந்தேன். உள்ளே பூச்சரம் கட்டினேன். ஜெனிற்றாவைக் கைபிடித்து, சிங்கனையும் மாட்டிக்கொண்டு உள்ளே கூட்டிப்போனேன். கொஞ்ச நேரம் அவள் எங்கள் இருவரையும் பார்த்தாள்.

"மிஸ், சிங்கனை வெளியிலை விடுங்கோ."

பேசிவிட்டாளே என்ற புளகாங்கிதத்தில் சிங்கனை வெளியே வைத்துவிட்டு வந்தேன்.

"நீங்களும் போங்கோ."

போனேன்.

"பாடாதேங்கோ."

அப்போதுதான் நான் மெல்லப் பாடிக்கொண்டிருந்தது எனக்கே தெரிந்தது. நிறுத்தினேன். நிறுத்தினேனே தவிர, வாய் சும்மா இருக்கவில்லை. "வருதோ செல்லம்? முடிஞ்சுதோ? தண்ணி போதுமோ? நான் இஞ்சைதான் நிக்கிறன்!" என்று கதவுக்கு இந்தப் பக்கம் நேர்முக வர்ணனை போய்க்கொண்டிருந்தது. கதவு திறந்தது. மடிப்புக் குலையாத சட்டையோடு ஜெனிற்றா வெளியே வந்தாள். "வரேல்லை" என்றாள். அவளைச் சொல்லி என்ன, அப்படி ஒருத்தி வெளியே நின்று கதைத்தால் எனக்கும் வராது.

தாய்மாரின் வேலை நேரத்துக்காகப் பின்னேரம் வரை பள்ளி வைக்கத் தொடங்கிய வாரம். மத்தியானச் சாப்பாடு முடிந்த கையோடு ஜெனிற்றாவுக்கு வயிற்றுவலி தொடங்கியது. மேசையில் முகத்தை வைத்துப் படுத்தாள். எழுந்தாள். காலைப் பின்னிக்கொண்டாள். நான் தாய்க்குப் போன் எடுத்தேன். அடித்து அடித்து நின்றது. மறுபடி எடுத்தேன். கம்பனி வாசலுக்கு ஆளனுப்பினால் தாயின் வேலை அன்றோடு முடிந்துவிடும். அனுப்பாவிட்டால் இந்தப் பிள்ளை என் கண் முன்னாலேயே துடிக்கும். சிங்கனைக் கையில் மாட்டிக்கொண்டேன். ஏன் மாட்டினேன் என்று தெரியாது. பதற்றத்தில் சிலர் செபமாலையைத் தேடுவார்கள், நான் காலுறையைத் தேடினேன்.

ஜெனிற்றா என்னைத் தாண்டி முற்றத்துக்குப் போனாள். தேசி மரத்தடியில் நின்று எட்டினாள். எட்டவில்லை. வயிற்றை ஒரு கையால் பிடித்துக்கொண்டு துள்ளி ஓர் இலையைப் பிடுங்கினாள். உள்ளே வந்து ரீச்சரின் மேசையில் வைத்தாள்.

ரீச்சர் இலையைப் பார்த்தார். பிள்ளையைப் பார்த்தார். மூக்கு ஒழுகவில்லை. ரீச்சரின் முகம் வெளிறியது. மூக்குக்கே இந்தப் பாடு, இது வயிறு.

"பிள்ளை, நீங்கள் கூட்டிக்கொண்டு போங்கோவன்" என்றார் என்னிடம்.

"மிஸ் வேண்டாம்" என்றாள் ஜெனிற்றா.

"அம்மாச்சி, எனக்கு ஏலாதடி. உனக்குத் தெரியுமெல்லோ? நான் சத்தி எடுத்துப்போடுவன்."

"அதுக்குத்தானே இலை தந்தனான்." கொஞ்சம் யோசித்தாள். "இன்னொண்டு பிடுங்கித் தரட்டோ?"

ரீச்சர் எழுந்தார். இலையைக் கசக்கினார், லேஞ்சிக்குள் வைத்தார், தூக்குமேடைக்குப் போகிறவர்போல நடந்தார். நீல மீன் கதவு சாத்தப்பட்டது. நான் வெளியே நின்றேன், கையில் சிங்கனோடு. இந்த முறை நேர்முக வர்ணனை இல்லை.

"நான் மற்றப் பக்கம் திரும்பி நிக்கிறன்" என்ற ரீச்சரின் குரல் லேஞ்சிக்குள்ளிருந்து வந்தது. "பேணியிலை தண்ணி அள்ளிப் பின்னாலை நீட்டுவன். வாங்கிக்கொள்."

"கண்ணை மூடிட்டீங்களோ?"

"இறுக்கி மூடிட்டன்."

"நான் சொன்னாப்பிறகுதான் திறக்கோணும்."

"ஓமடி ஓம்."

பிறகு ஒரு பெருமூச்சு. பிள்ளையுடையது.

"ரீச்சர், கடுமையா மணக்குதோ?"

"இல்லை. இலைதான் மணக்குது."

"பயப்பிடாதேங்கோ. கெதியா முடிஞ்சிடும்."

"இந்தா பேணி. இடக்கையாலை. முன்னாலை இருந்து பின்னுக்குக் கழுவு."

"பாத்தீங்களோ?"

"பாக்கேல்லையடி! தண்ணிச் சத்தத்திலை சொல்லுறன்."

"இன்னொரு பேணி தாங்கோ. ... இன்னொண்டு. ... சரி. திறவுங்கோ."

ஜெனிற்றா வெளியே வந்தாள். பாவாடை நனைந்திருந்தது, முகத்தில் ஊரை வென்ற களை. நேரே குழாயடிக்குப் போய்ச் சவர்க்காரத்தை எடுத்தாள். "கை கழுவுவோம்" என்று என் பாட்டின் முதல் வரியை முணுமுணுத்தாள். எனக்கு உச்சி குளிர்ந்தது. அதோடு நிறுத்திவிட்டாள், அடுத்த வரியைத்தான் அவள் ஏற்கெனவே செய்து முடித்துவிட்டாளே.

ரீச்சர் வெளியே வந்து, மதில் மூலைக்கு ஓடி, குனிந்து, சத்தி எடுத்தார். குறைவில்லாமல் எடுத்தார். நான் ஓடுவதற்கு முன் ஜெனிற்றா பேணியில் தண்ணீரோடு அங்கே நின்றாள்.

"வாயைக் கொப்பளியுங்கோ ரீச்சர்" என்றாள். பிறகு முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டாள். "நான் பாக்கேல்லை."

பின்னேரம் தொப்பியோடு ஓடிவந்த தாய் வாசலிலேயே கேட்டார்: "போனவளோ?"

"நானே போய் நானே கழுவினனான்" என்றாள் மகள். "ரீச்சருக்குத்தான் ஏலாமப் போச்சுது. பாவம்."

தாய் சிரித்தாரா அழுதாரா என்று தெரியவில்லை. தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்தார். நண்டு மணத்தது. ரீச்சர் அதற்கு ஒன்றும் முகம் சுளிக்கவில்லை.

நான் சும்மா இருப்பேனா? இரவோடிரவாக அதற்கு ஒரு பெயர் வைத்தேன்: "விலகி நின்று துணைசெய்யும் அணுகுமுறை." மறுநாள் ரீச்சரிடம் போய், "எவ்வளவு நுட்பமாச் செய்தனீங்கள்! வேணுமெண்டுதானே கண்ணை மூடினீங்கள்? பிள்ளைக்குத் தனிமை குடுக்க?" என்றேன்.

"உங்களுக்கு விசரே?" என்றார் ரீச்சர். "கண்ணைத் திறந்திருந்தால் பிள்ளையின்ரை தலையிலை எல்லோ எடுத்திருப்பன்."

அவர் அடக்கத்தில் அப்படிச் சொன்னாரா, உண்மையே அதுதானா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஜெனிற்றாவுக்கு அது முக்கியமில்லை. அதற்குப் பிறகு அவள் தினமும் இலை வைத்தாள். பிறகு இலை வைத்துவிட்டுத் தனியே போனாள். பிறகு வைக்க மறந்தாள்.

ரீச்சரின் கணவர் படகை மன்னார்ப் பக்கம் கொண்டுபோனபோது அவரும் போய்விட்டார். அங்கேயும் ஒரு முன்பள்ளியில் இருக்கிறார். ஒருமுறை போனில் கதைத்தபோது, "இஞ்சை தேசி மரம் இல்லைப் பிள்ளை, வேப்பிலையோடை காலம் போகுது. கசப்பு மூக்காலை ஏறுது" என்றார்.

எனக்கு வருகிற திங்கட்கிழமை நீர்வேலியில் ஒரு முன்பள்ளி தொடங்குகிறது. சுற்றிவர வாழைத் தோட்டம், தண்ணீருக்குக் குறைவில்லை, தேசி மரம் மட்டும் இல்லை. வாழையிலை கொண்டுவா என்றால் பிள்ளை இலைக்குள் காணாமற் போய்விடும். ஆகவே சட்டியில் ஒரு தேசிக் கன்று வாங்கி வைத்திருக்கிறேன்.

அதைவிடப் பெரிய சிக்கல், எனக்கு அருக்குளிப்பு இல்லை. கண்ணாடி முன் நின்று ஓங்காளித்துப் பழகிப் பார்த்தேன். அம்மா ஓடிவந்து, "என்னத்தையடி கடையிலை திண்டனீ?" என்று இஞ்சித் தேத்தண்ணி வைத்துத் தந்ததுதான் மிச்சம். பிள்ளைகளை ஏமாற்ற முடியாது. எனக்கு உண்மையிலேயே ஏலாத ஒன்று வேண்டும் என்று யோசித்தேன். அதிகம் தேட வேண்டியிருக்கவில்லை.

திங்கட்கிழமை பிள்ளைகளிடம் சொல்லப்போகிறேன்: மிஸ்ஸுக்கு ஒரு நோய் இருக்குது, வாய் நிக்காது. கதவுக்கு வெளியிலை நிண்டு கதைச்சுக்கொண்டே இருப்பன். நீங்கள் போறதுக்கு முதல் ஓர் இலை பிடுங்கித் தந்தால், அதைப் பல்லுக்குள்ளை கடிச்சுக்கொண்டு பேசாமல் நிப்பன்.

இன்று ஒத்திகை. கிணற்றடியில் தேசி இலையைக் கடித்துக்கொண்டு நின்றேன். அம்மா வந்து என்னடி செய்கிறாய் என்றார். பதில் சொல்லவில்லை. மறுபடி கேட்டார். சொல்லவில்லை. அம்மா பயந்துபோய் என் நெற்றியில் கைவைத்துப் பார்த்தார்.